பாலத்தோடு நின்ற அறிவிப்பு

கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரணை நடந்த அறையில் மின்விசிறியைப் போட்டால் தாள் பறக்கும், நிறுத்தினால் வேர்த்து ஊற்றும். அன்றைக்கு நிறுத்தியிருந்தார்கள். ஜன்னல் வழியாக பஸ்களின் ஹாரன் சத்தமும், யாரோ வெள்ளரிப்பிஞ்சு விற்கிற குரலும் வந்துகொண்டிருந்தன.

மேசைக்கு எதிரே என் அண்ணன் செல்வம் நின்றிருந்தார். கிராம உதவியாளர். வி.ஏ.ஓ.வுக்கும் கீழே, அரசாங்கத்தின் ஆகக் கடைசிப் படியில் இருக்கிற ஆள். இடது பக்க பெஞ்சில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் ஏழுமலை கடலில் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது, கரையில் நடந்த சுடும் பயிற்சியிலிருந்து வந்த குண்டு பாய்ந்து இறந்துபோனவர். வலது பக்கம், மடிப்புக் கலையாத சீருடையில் ஒரு அதிகாரி. நடுவில் கறுப்புக் கோட்டோடு நான், கஸ்தூரியின் வக்கீல்.

அண்ணனிடம் நான் கேட்க வேண்டியது ஒரே ஒரு விஷயம். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும். பொய் சொன்னால் ஏழுமலையின் பெயர் போகும். அவர் என்ன சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியாது.

“கூடப் பொறந்தவரையேவா?”

போன வாரம் இதே பத்தியில் இந்த விசாரணையை லேசாகத் தொட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். மதுராந்தகத்திலிருந்து ஒரு வாசகர் போன் போட்டு, “ஏம்மா, கூடப் பொறந்தவரையேவா நிக்க வெச்சுக் கேட்டீங்க? வேற சாட்சி கிடைக்கலியா?” என்றார். கிடைக்கவில்லை ஐயா. கிடைத்திருந்தால் நான் ஏன் வீட்டுச் சண்டையை விலைக்கு வாங்கப் போகிறேன்?

முதலிலிருந்து சொல்கிறேன். ஏழுமலையின் மீனவக் குப்பத்துப் பெயரை எழுத மாட்டேன், அந்தப் படைப்பிரிவின் பெயரையும் எழுத மாட்டேன். விவகாரம் இன்னும் முடியவில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று செங்கல்பட்டு கோர்ட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் நானே கட்டிப்போட்டுக்கொள்கிறேன்.

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே இறங்கினால், செய்யூர் பக்கம் சவுக்குத் தோப்பு கடல் வரைக்கும் போகும். ஒரு தோப்புக்குப் பின்னால் வருஷத்தில் சில நாள் கடலைப் பார்த்துச் சுடும் பயிற்சி நடக்கும். அதற்கு முன்னால் ஊருக்குத் தகவல் சொல்வார்கள். அந்த நாட்களில் யாரும் அந்தப் பக்கம் கடலுக்குப் போகக் கூடாது.

ஏழுமலை போனார். கூட இரண்டு பேர். விடிந்து வெயில் ஏறுகிற நேரம். ஃபைபர் படகில் நின்று வலையை இழுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே வலை மேல் சாய்ந்துவிட்டார். கூட இருந்தவர்கள் முதலில் மயக்கம் என்றுதான் நினைத்தார்களாம்.

ஒரு வரி

கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். ஒரு நாள் காலை கஸ்தூரி படியேறி வந்தார். பிளாஸ்டிக் கவரில் மடித்த தாள் ஒன்றை என் மேசையில் வைத்தார். தாளிலும் மீன் வாடை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“வக்கீலம்மா, நஷ்ட ஈடு அது இதுன்னு எல்லாரும் சொல்லிகினு கீறாங்க. அத அப்பறம் பாத்துக்கலாம். இதுல ஒரு வரி கீதாம். அத எடுக்கணும்.”

ஏழுமலையின் சாவைப் பற்றிய முதல் அறிக்கை அது. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் அத்துமீறி நுழைந்ததால் மரணம் நேர்ந்தது என்று எழுதியிருந்தார்கள்.

“அத்துமீறின்னா இன்னா? திருடப் போனவன சொல்றதுதானே? எங்க வூட்டுக்காரு கவலை மீன் புடிக்கப் போனாரு. தெனம் போற கடலு அது. போவாதன்னு ஒரு ஆளு வந்து சொல்லல. சொல்லியிருந்தா அந்த மனுசன் போற ஆளே கெடையாது, அவ்ளோ பயந்தாங்கொள்ளி.” சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார். உதடு ஒத்துழைக்கவில்லை. “எம் பொண்ணு காலேஜில படிக்கிது. உங்கப்பா எப்டி செத்தாருன்னு நாளைக்கு யாராவது கேட்டா இந்தத் தாளையா காட்டும்?”

எனக்குக் கோபம் வந்தால் பேனாவைத் திறந்து மூடுவேன். கெட்ட பழக்கம். அன்றைக்கு அந்தப் பேனா மூடியை உடைத்தே விட்டேன். எடுக்கிறேன் கஸ்தூரி, அந்த வரியை எடுக்காமல் விட மாட்டேன் என்று சொன்னேன். வக்கீல்கள் அப்படி வாக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்துவிட்டேன்.

பழைய சட்டமும் ஒரு மேளமும்

இங்கே கொஞ்சம் சட்டம் பேசுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். பிடிக்காதவர்கள் டீ குடித்துவிட்டு வரலாம்.

ஒரு நாட்டின் படை தன் மக்கள் நடமாடுகிற இடத்தில் துப்பாக்கியைத் தூக்கலாமா, எப்போது, யார் சொல்லி என்பதற்கெல்லாம் சட்டம் உண்டு. பயிற்சிக்கும் உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் போட்ட சட்டம், இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது. ஒரு பகுதியைப் பயிற்சிக்கென்று அறிவிக்கலாம், அங்கிருக்கிற ஆட்களை அப்புறப்படுத்தலாம், தடுக்கலாம். எல்லாம் செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் அந்த வட்டாரத்து ஜனங்களுக்கு அவர்கள் மொழியில் சொல்ல வேண்டும். நோட்டீஸ் ஒட்ட வேண்டும், மேளம் அடித்துத் தெரிவிக்க வேண்டும். நம்மை ஆட்டிப்படைத்தவனே சுடுவதற்கு முன்னால் சொல்லிவிட்டுச் சுடு என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

சட்டக் கல்லூரியில் இதைப் படித்தபோது அந்த மேளம் என்ற சொல்லில் என் கண் நின்றுவிட்டது. ஏனென்றால் அந்த மேளம் எங்கள் வீட்டு ஆணியில் மாட்டியிருந்தது. எங்கள் நைனாதான் அந்த வட்டாரத்துக்குத் தண்டோரா போடுகிறவர். எங்கள் தெருக்காரர்கள்தான் அதைச் செய்ய வேண்டும் என்று ஊர் வைத்திருந்த வழக்கம். நைனா மேளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினால் நான் பள்ளிக்கூடத்துக்கு வேறு வழியாகச் சுற்றிப் போவேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

இன்னொரு சட்டமும் உண்டு. சீருடையில் இருப்பவர் பணியில் செய்த காரியத்துக்கு வழக்குத் தொடர வேண்டுமென்றால் மேலே டெல்லியில் முன் அனுமதி வாங்க வேண்டும். கஸ்தூரி பெயரில் அதற்கு ஒரு மனு போட்டேன். கடல் காலியாக இருக்கிறதா என்று பார்க்காமல் சுட உத்தரவிட்டது யார், அவர் மேல் வழக்குத் தொடர அனுமதி கொடுங்கள் என்று. செத்தவர் மேலேயே அத்துமீறல் என்று ஒரு தாள் இருக்கும்போது அந்த மனு ஒரு அடி நகராது. அதனால் அந்த வரி கஸ்தூரிக்கு மானப் பிரச்சினை, எனக்கு வழக்கின் கதவு.

“இந்த நேரத்துல வேணாமேம்மா”

அந்த நேரம் பார்த்து எல்லையில் பதற்றம். டி.வி.யில் இருபத்து நாலு மணி நேரமும் வரைபடமும் அம்புக்குறியும். பஸ் ஸ்டாண்டு முழுக்கப் படையை வாழ்த்தி ஃபிளெக்ஸ். ஒவ்வொரு கட்சிக்கும் ஒவ்வொரு ஃபிளெக்ஸ். அதில் வீரர் படம் சின்னதாகவும் வட்டச் செயலாளர் படம் பெரிதாகவும் இருந்தது.

என் வீட்டுக்காரர், அதாவது நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற விஞ்ஞானி. திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், தங்கமானவர். மாடியிலிருந்து இறங்கி வந்து, “அமுதா, கேஸ நடத்துங்க, வேணாங்கல. இந்த நேரத்துல வேணாமேம்மா. நம்ம பிள்ளைங்க எல்லையில நிக்கிறாங்க” என்றார்.

“சார், நான் எல்லையில நிக்கிற பிள்ளைங்க மேல கேஸ் போடல. கரைக்கு இந்தாண்ட, நம்ம ஆளு மேல குண்டு எப்படி வந்துச்சுன்னு கேக்குறேன்.”

“அது புரியுது. ஜனங்க வேற மாதிரி எடுத்துப்பாங்களே.”

எடுத்துக்கொண்டார்கள். எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் யாரோ என்னை நாட்டுக்கு எதிரானவள் என்று போட்டார்கள். கீழே ஏழு பேர் கைகூப்பியிருந்தார்கள். அந்த ஏழு பேரில் நான்கு பேர் என்னிடம் இனாமாக வாடகை ஒப்பந்தம் எழுதிக்கொண்டவர்கள். சிரிப்பதா, அடிக்கப் போவதா என்று தெரியவில்லை. ஒன்றும் செய்யவில்லை, குழுவிலிருந்து வெளியே வந்து மனுவின் அடுத்த பத்தியை எழுதினேன்.

படை வேண்டாம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. எங்கள் தெருவிலேயே மூன்று பேர் படையில் இருக்கிறார்கள். அவர்கள் லீவில் வந்தால் கறி எடுத்துச் சமைத்துப் போடுகிறவள் நான். துப்பாக்கிக்கு முன்னால் சட்டம் நிற்கவில்லையென்றால் அதன் முதல் குண்டு யார் மேல் பாயும் என்று அந்தக் குப்பத்தில் வந்து பாருங்கள் என்றுதான் சொல்கிறேன்.

பதிவேட்டில் இருந்த கையெழுத்து

சிவப்புக் கொடி ஏற்றினோம் என்று படைத் தரப்பில் சொன்னார்கள். ஏற்றியது உண்மை. தோப்புக்கு மேற்கே ஏற்றியிருந்தார்கள். கடலில் இருக்கிறவனுக்குச் சவுக்கு மரம்தான் தெரியும். அதை அறிக்கை கண்டுகொள்ளவில்லை. எல்லாக் குடியிருப்புகளிலும் தண்டோரா மூலம் அறிவிக்கப்பட்டது என்று கிராமப் பதிவேட்டில் இருந்த ஒரு குறிப்புதான் அவர்களுக்குப் பெரிய ஆதாரம். குப்பத்துக்காரர்கள் நாற்பது பேர் அப்படி ஒன்றும் வரவில்லை என்று சொன்னார்கள். சொந்தக்காரனுக்குச் சாதகமாகத்தானே சொல்வார்கள் என்று தள்ளிவிட்டார்கள்.

பதிவேட்டின் நகலை வாங்கினேன். குறிப்புக்குக் கீழே ஒரு கையெழுத்து. ‘செ’ என்ற எழுத்தின் கொம்பைப் பெரிதாகச் சுழித்து எழுதுகிற கையெழுத்து. என் ரேங்க் கார்டில் நைனாவுக்குப் பதிலாகப் போட்ட அதே கையெழுத்து. தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீழே போய் ஒரு டீ குடித்தேன். பிறகு இன்னொரு டீ.

அந்தக் குப்பத்துக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு உப்பங்கழி, அதன் மேல் குறுகலான ஒரு பாலம். நைனா தண்டோரா போடும்போது பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடுவார். அந்தப் பக்கம் எடுத்த எடுப்பில் அவர்கள் கோயில். எங்கள் தெரு மேளம் அதைத் தாண்டிப் போகாது. யாரும் எழுதி வைத்த வழக்கம் இல்லை, எல்லோருக்கும் தெரியும். நைனா அடிக்கிற சத்தம் கேட்டுக் குப்பத்திலிருந்து ஒரு ஆள் பாலத்துக்கு வருவார். செய்தியை வாங்கிக்கொண்டு போய் அவர் வீடு வீடாகச் சொல்வார். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

அப்புறம் தண்டோரா வேண்டாம் என்று அரசாங்கமே நிறுத்தியது. நல்ல காரியம், நான் கைதட்டினேன். மேளத்துக்குப் பதில் ஆட்டோவும் மைக்கும் வந்தன. பதிவேட்டில் மட்டும் பழைய பழக்கத்தில் தண்டோரா என்றே எழுதினார்கள். ஆட்டோ எங்கே போய் நின்றது தெரியுமா? அதே பாலத்தில், அதே இந்தப் பக்கம். மேளச் சத்தம் கழியைத் தாண்டும். மைக் சத்தத்தைக் கடல் காற்று திருப்பி நம் முகத்திலேயே அடிக்கும். பாலத்துக்கு வந்து கேட்டுப் போகிற ஆளும் இப்போது இல்லை. எல்லோரிடமும் போன் இருக்கிறதே என்று அந்த வேலையை அவர்கள் எப்போதோ விட்டுவிட்டார்கள்.

இதெல்லாம் என் ஊகம். அண்ணன் வாயால் வந்தால்தான் அது சாட்சி.

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி வசந்தா சுறா புட்டு செய்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

“இன்னா பேஜாரு இது. ஒனக்கு வேற கேஸே கெடைக்கலயா?”

“அண்ணா, ஆட்டோவ எங்க நிறுத்துன?”

“எங்க நிறுத்துனா இன்னா? மைக்ல சொன்னேன். மூணு தபா சொன்னேன்.”

“எங்க நின்னு சொன்ன?”

அண்ணிதான் பேசினார். “அமுதா, இந்த வேலைய வெச்சித்தான் இந்த வூடு ஓடுது. அவரு இன்னா வேணும்னா பண்ணாரு? மேல எழுதச் சொன்னத எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. நீ வக்கீலு, ஒனக்கு நாளைக்கு வேற கேஸு வரும். எங்களுக்கு வேற வேல வருமா?”

அவர் கேட்டதில் ஒரு எழுத்து கூடத் தப்பில்லை. அதனால்தான் வலித்தது. இருந்தாலும் சொன்னேன். “விசாரணையில உன்ன நான் கேப்பேன்ணா. நீ பொய் சொன்னா அதையும் விட மாட்டேன், இன்னும் கேப்பேன். இப்பவே சொல்லிடறேன், அப்பறம் தங்கச்சி ஏமாத்திட்டான்னு சொல்லாத.”

“கேட்டுக்கோ போ,” என்றார். பஸ்ஸில் வரும்போது அழுதேன். டிக்கெட் கொடுக்க வந்த கண்டக்டர் பார்த்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

மறுபடி அந்த அறை

கேள்வி கேட்பதற்கு முன்னால் எழுந்து, சாட்சி என் உடன்பிறந்த அண்ணன், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் நான் விலகி என் ஜூனியரைக் கேட்கச் சொல்கிறேன் என்று கோட்டாட்சியரிடம் சொன்னேன். அவர் சீருடை அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி புன்னகையோடு ஆட்சேபம் இல்லை என்றார். சொந்தத் தங்கை அண்ணனைச் சிக்க வைக்க மாட்டாள் என்று நினைத்திருப்பார். நானும் அவர் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

“இந்தக் கையெழுத்து உங்களுதா?”

“என்னுதுதான்.”

“அன்னைக்கு ஆட்டோ எங்க நின்னுச்சு?”

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. கஸ்தூரியைப் பார்த்தார். கஸ்தூரி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எத்தனை விசாரணை பார்த்திருக்கிறேன், அந்த அரை நிமிஷம் போல் ஒன்றைப் பார்த்ததில்லை.

“பாலத்துல,” என்றார் அண்ணன்.

“பாலத்துக்கு அந்தாண்ட போனீங்களா?”

“போவல. எங்க நைனா நின்ன எடத்துல நின்னேன்.”

கோட்டாட்சியர் பேனாவைக் கீழே வைத்தார். “அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?”

“யாரும் சொல்லல சார். போன்னும் யாரும் சொல்லல. குப்பத்துக்கு விசயம் போயி சேந்துச்சான்னு அப்பறமும் ஒருத்தரும் கேக்கல. எல்லா எடத்துலயும் சொன்னதா எழுதச் சொன்னாங்க, எழுதினேன்.” கஸ்தூரி பக்கம் கையைக் காட்டி, “அந்தம்மா சொல்றது நெசம் சார். அவங்களுக்குத் தெரியாது,” என்றார்.

சீருடை அதிகாரி எதையோ வேகமாக எழுதினார். நான் என் குறிப்பில் ஒன்றும் எழுதவில்லை.

இரண்டு தாள்கள்

இறுதி அறிக்கை வந்தது. உரிய அறிவிப்பு குப்பத்தைச் சென்றடையவில்லை, இறந்தவர் அத்துமீறி நுழைந்ததாகக் கருத முடியாது. கஸ்தூரிக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். மூன்றாவது முறை படித்ததும், “போதும்” என்று சொல்லித் தாளை வாங்கி, வேறு ஒரு புதிய கவரில் போட்டுக்கொண்டார். அந்தக் கவரைக் கையோடு கொண்டுவந்திருந்தார்.

அண்ணன் சாட்சி சொன்ன ஒன்பதாவது நாள் அவருக்கு உத்தரவு வந்தது. பொய்யான பதிவு செய்ததற்காகத் தற்காலிகப் பணிநீக்கம். அரைப் பக்கத் தாள். எழுதச் சொன்னவர் பெயர் அதில் இல்லை. அனுமதி கேட்டு டெல்லிக்குப் போட்ட மனுவுக்கு இதை எழுதுகிற வரைக்கும் ஒரு வரி பதில் வரவில்லை. துப்பாக்கியிடம் கேள்வி கேட்க டெல்லி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது. மைக் பிடித்தவனை வீட்டுக்கு அனுப்ப ஒரு அரைத் தாள் போதுமாக இருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்குப் பேனா கிடைத்திருந்தால் முழுதாக உடைந்திருக்கும்.

அண்ணன் உத்தரவோடு என் அலுவலகத்துக்கு வந்தார். அண்ணி படியிலேயே நின்றுகொண்டார், உள்ளே வரவில்லை. நான் வக்காலத்துப் படிவத்தை எடுத்து நீட்டினேன்.

“இதுல ஒரு கையெழுத்து போடுண்ணா. உனக்கு நான் ஆஜராவேன். கடைசிப் படியில நிக்கிறவன மட்டும் தள்ளிவிட்டுட்டுப் போக விட மாட்டேன்.”

“நீதான மாட்டிவுட்ட, நீயே எடுத்துவுடு,” என்றார். அதே ‘செ’, அதே பெரிய கொம்பு.

அப்போது கஸ்தூரியும் அங்கே இருந்தார். டெல்லிக்கு நினைவூட்டுக் கடிதம் போடக் கையெழுத்துக்காக வரச் சொல்லியிருந்தேன். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து என் மேசைக்கு வந்து, “எனக்கும் ஒரு தாள் குடு வக்கீலம்மா,” என்றார்.

“எதுக்கு?”

“இவரு கேஸுல நான் சொல்றத எழுது.”

“அவர் மேல தப்பில்லன்னு எழுதட்டுமா?”

கஸ்தூரி அண்ணனை ஒரு முறை பார்த்தார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

“தப்பு அவரு மேலயும் கீது. பாலத்த தாண்டி வந்திருந்தா எங்க வூட்டுக்காரு இன்னைக்கு இருந்திருப்பாரு. ஆனா சுட்டது இவரு இல்ல. அத எழுது. நான் சொன்னத சொன்ன மாதிரியே எழுது, உன் வக்கீல் பாஷையில மாத்தாத.”

மாற்றாமல் எழுதினேன்.